நீ என்னும் ஓரெழுத்துச் சொல்

தமிழில் ஓரெழுத்துச் சொற்கள் 42 என்று நன்னூல் கணக்குச் சொல்கிறது. அவற்றுள் 'நொ', 'து' என்னும் இரண்டு மட்டுமே குறில். மற்ற நாற்பதும் நெடில். நகர வரிசையில் இடம்பெறும் நா, நீ, நே, நை, நோ என்னும் ஐந்தில் 'நே', 'நை' ஆகியவை இன்று அகராதியைப் புரட்டுவோருக்கு மட்டுமே தெரிந்தவை. 'நா' பேச்சில் நாக்காகிவிட்டது. 'நோ' தனித்து வழங்குவதில்லை. 'நீ' மட்டும் சங்கப் பாடல்களில் நின்ற அதே வடிவில் இன்றும் எழுத்திலும் பேச்சிலும் நிற்கிறது. இவ்வளவு உறுதியான ஒரு சொல்லை, அதைத் தாய்மொழியில் வைத்திருப்பவர்களே பல இடங்களில் வாயில் எடுக்கத் தயங்குகிறார்கள் என்பதுதான் எனக்கு நெடுநாளைய வியப்பு. வடிவம் அசையாமல் நிற்க, வழக்கு மட்டும் அதைச் சுற்றிக்கொண்டு போகப் புதுப்புது வழிகளைத் தேடுகிறது. உலகின் பல மொழிகளில் முன்னிலைச் சொல்லுக்கு இதே கதைதான் நேர்ந்திருக்கிறது.

அந்தக் கதைக்குப் போகுமுன், இணையத்தில் ஓயாமல் சுற்றிவரும் ஒரு செய்தியைப் பார்த்துவிட வேண்டும். "சீனத்திலும் 'நீ' என்றால் நீதான், கொரியத்திலும் 'நீ' என்றால் நீதான், ஆகவே இவை தமிழிலிருந்து போனவை" என்பது அச்செய்தி. முதல் பாதி ஏறத்தாழ உண்மை. 'ஆகவே' என்ற இடத்தில்தான் கால் இடறுகிறது.

மாண்டரின் சீனத்தில் முன்னிலை ஒருமை 'நி'. செவ்வியல் சீன நூல்களில் முன்னிலைக்கு வரும் எழுத்துகளை இன்று 'அர்' என்றும் 'ரு' என்றும் படிக்கிறார்கள். பழங்காலத்தில் இரண்டும் மூக்கொலியில் தொடங்கியவை. நூல் படிக்கும் ஒலிப்பில் அந்த மூக்கொலி திரிந்துபோக, அன்றாடப் பேச்சில் மட்டும் அது நகரமாகத் தங்கியது. அவ்வாறு தங்கிய பேச்சு வடிவத்தை எழுத, பழைய எழுத்தின் சுருக்கத்தோடு மனிதனைக் குறிக்கும் உறுப்பைச் சேர்த்துப் பிற்காலத்தில் தனி எழுத்து ஒன்றை அமைத்துக்கொண்டார்கள். அதாவது, சீன 'நி'க்குப் பின்னால் சீன மொழிக்கே உரிய நீண்ட ஒலி வரலாறு இருக்கிறது. சீனத்தின் உறவுமொழியான பர்மியத்திலும் முன்னிலைச் சொல் நகரத்தில் தொடங்குவதை நோக்கினால், இதற்கு வேர் தேட நம் பக்கம் வரத் தேவையில்லை என்பது விளங்கும். மரியாதைக்குரியவரை அழைக்கச் சீனத்தில் 'நின்' என்றொரு சொல்லும் உண்டு. நம் 'நின் அருள்', 'நின் புகழ்' ஆகியவற்றைக் கேட்டுப் பழகிய காதுக்கு இது புல்லரிப்பைத் தரலாம். ஆனால் அது பன்மைச் சொல்லான 'நிமென்' சுருங்கி வந்த வடிவம் என்பதே பல அறிஞர்களின் கருத்து. நம் 'நின்' ஒருமை. அங்கே அது பன்மையின் எச்சம்.

கொரிய மொழியின் கதை இன்னும் சுவையானது. ஹோமர் ஹல்பர்ட் என்ற அமெரிக்கர் 1905இலேயே கொரியத்தையும் திராவிட மொழிகளையும் ஒப்பிட்டு இலக்கண நூல் ஒன்றை வெளியிட்டார். இன்றைய காணொளிகள் பலவற்றுக்கும் அந்நூலே, தெரிந்தோ தெரியாமலோ, மூதாதை. கொரியத்தில் 'நா' தன்மை, 'நொ' முன்னிலை. ஆனால் நாடகங்களில் நம் காதில் தெளிவாக விழும் 'நி' என்ற வடிவம் அண்மைக்காலத்தது. 'என்' என்பதற்கும் 'உன்' என்பதற்கும் உரிய சொற்கள் அங்கே முன்பு வெவ்வேறு உயிரொலிகளால் வேறுபட்டிருந்தன. அவ்விரண்டு உயிரொலிகளும் இன்று பெரும்பாலோர் வாயில் ஒன்றாகிவிட்டன. 'என் தவறு' என்பதும் 'உன் தவறு' என்பதும் ஒன்றுபோல ஒலித்தால் எந்த மொழியும் தாங்காது. எனவே பேசுவோர் 'உன்' என்பதை 'நி' என்று மாற்றிக்கொண்டார்கள். இலக்கணப் புத்தகம் இன்னும் பழைய வடிவத்தையே சரியென்கிறது. பேச்சு அதைப் பொருட்படுத்துவதில்லை. தமிழோடு உறவு கொண்டாட மிகவும் எடுத்துக்காட்டப்படும் அந்த 'நி', கொரியர்கள் தங்கள் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ளத் தாங்களே செய்துகொண்ட ஏற்பாடு.

இதே அசை வேறு எங்கெல்லாம் வருகிறது என்று பார்த்தால் வியப்பு தணிந்துவிடும். பாஸ்க் மொழியில் 'நி' என்றால் நான். வெல்ஷ் மொழியில் 'நி' என்றால் நாம். சுவாகிலி மொழியின் வினைச்சொல்லில் 'நி' முன்னால் ஒட்டினால் நான். அதே பாந்து குடும்பத்தைச் சேர்ந்த சூலு மொழியில் அப்படி ஒட்டினால் நீங்கள். ஒரே குடும்பத்துக்குள் ஒரே அசை எதிரெதிர் திசைகளைச் சுட்டுகிறது. சுவீடிஷ் மொழியில் 'நி' முன்னிலைப் பன்மை. அது பிறந்த விதம் இன்னும் வேடிக்கையானது. பழைய சுவீடிஷில் முன்னிலைப் பன்மை 'ஈ' என்ற தனி உயிர்தான். அதற்கு முன் வரும் வினைச்சொல்லின் பன்மை ஈறு னகர ஒலியில் முடியும். இரண்டும் சேர்ந்து ஒலித்தபோது வினையின் கடைசி மெய்யை அடுத்த சொல்லின் முதலெழுத்தாகக் கேட்டவர்கள் 'நி' என்று பிரித்துக்கொண்டார்கள். உடம்படுமெய்யைச் சொல்லின் பகுதியாகக் கொண்டுவிடும் மயக்கத்தை அறிந்த தமிழருக்கு இது எளிதில் புரியும்.

நான், நீ போன்ற பிரதிப்பெயர்கள் எந்த மொழியிலும் மிகுதியாக வழங்குபவை, ஆகையால் சிறியவை. சிறியவை என்பதால் அவற்றில் இரண்டு மூன்று ஒலிகளுக்கே இடமுண்டு. அந்த ஒலிகளும் பெரும்பாலும் மகரம், நகரம், தகரம் போன்ற எளியவை. ஆயிரக்கணக்கான மொழிகள் இந்தச் சின்னக் குவியலிலிருந்து அள்ளும்போது சில ஒத்துப்போகாமல் இருந்தால்தான் வியக்க வேண்டும்.

உண்மையான உறவு எப்படி இருக்கும் என்பதற்கு நம் 'நீ' என்ற சொல்லே சான்று தருகிறது. பழங்கன்னடத்தில் முன்னிலை ஒருமை 'நீன்', பன்மை 'நீம்'. சார்க்கண்டு, சத்தீசுகர் பகுதிகளில் பேசப்படும் குடுக் மொழியிலும் 'நீன்', 'நீம்'. தமிழுக்கு மிகத் தொலைவில், பலூசிசுத்தானத்தில் பேசப்படும் பிராகுயி மொழியில் ஒருமை 'நீ', பன்மை 'நும்'. துளுவில் தலையெழுத்து உதிர்ந்து 'ஈ' ஆகிவிட்டது. ஆனால் வேற்றுமை ஏற்கும்போது 'நின்' என்று அந்த நகரம் திரும்பி வந்துவிடுகிறது. தெலுங்கின் பேச்சு வடிவம் 'நுவ்வு'. மேலோட்டமான ஒலி ஒற்றுமையை விட இங்கே முக்கியமானது அமைப்பு. தான் என்பதற்குத் தாம், யான் என்பதற்கு யாம். ஒருமைக்கு னகரம், பன்மைக்கு மகரம். இந்த வாய்பாட்டின்படி முன்னிலையில் 'நீன்', 'நீம்' என்று வந்திருக்க வேண்டும். தமிழ் எழுவாயில் அந்த னகரத்தை இழந்துவிட்டது. ஆனால் 'நின்', 'நின்னை', 'நினக்கு' என்று உருபேற்கும் இடங்களில் அது பத்திரமாக இருக்கிறது. 'நீம்' என்ற பன்மையும் தனித்து வழங்காமல், 'நீங்கள்' என்பதற்குள் ஒளிந்திருக்கிறது: நீம் என்பதோடு கள் சேர, மகரம் ஙகரமாயிற்று. நாம் நாள்தோறும் சொல்லும் 'நீங்கள்' இரண்டு பன்மை விகுதிகளைச் சுமக்கும் சொல். இப்படி ஒரு வாய்பாடு முழுவதும், அதன் ஓட்டைகள் உட்பட, பல மொழிகளில் பொருந்தி வருவதே உறவு. சீனத்துக்கும் தமிழுக்கும் இடையே அப்படி எதுவும் இல்லை.

'நின்', 'நும்' ஆகியவற்றின் பின்வந்த உருவங்களே 'உன்', 'உம்'. தொல்காப்பியர் 'நும்' என்பதையே அடிப்படையாக வைத்து, எழுவாயாக வரும்போது அது 'நீயிர்' என்று திரியும் என்று விதி செய்கிறார். 'நும்' என்ற அந்த அடி உறவுப் பெயர்களுக்குள்ளும் புகுந்திருந்தது என்பது பலரும் கவனிக்காத செய்தி. குறுந்தொகையின் நாற்பதாம் பாடலை அறியாதவர் இல்லை:

"யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்"

யாய் என்றால் என் தாய். ஞாய் என்றால் உன் தாய். எந்தை என் தந்தை. நுந்தை உன் தந்தை. அப்படியானால் 'தாய்', 'தந்தை' ஆகியவை? அவன் தாய், அவள் தந்தை என்று படர்க்கையாரின் உறவைக் குறித்தவை அவை. 'தம்' என்ற தற்சுட்டுப் பெயர் அவற்றின் முன்னால் நிற்கிறது. எங்கை, நுங்கை, தங்கை என்பதும் இதே வரிசை. காலப்போக்கில் 'எம்' வரிசை செய்யுளுக்குள் ஒதுங்கியது. 'நும்' வரிசை அடியோடு மறைந்தது. 'தம்' வரிசை மட்டும் தங்கி, தந்தை, தாய், தம்பி, தங்கை, தமையன் என்று பொதுப்பெயர்களாக நிலைத்தது. பழைய கணக்குப்படி பார்த்தால் 'உன் தங்கை' என்பது 'உன்னுடைய அவருடைய இளையவள்' என்று ஆகும். முன்னிலைச் சொல் விட்டுப்போன இடத்தில் தற்சுட்டுச் சொல் வந்து அமர்வது இது முதல்முறை. மரியாதைச் சொற்களில் இன்னொரு முறையும் அது நிகழ்ந்தது.

சங்க காலத்தில் 'நீ' யாரையும் சிறுமைப்படுத்தவில்லை. நெல்லிக்கனியைத் தந்த அதியமானை ஔவையார் வாழ்த்தும் புறநானூற்றுப் பாடலில் "மன்னுக பெரும நீயே" என்கிறார். அக்கனியின் அருமையை "நின்னகத்து அடக்கி" எமக்கு ஈந்தாய் என்கிறார். அரசனுக்கு ஒருமை, பாடும் புலவருக்கு 'எமக்கு' என்னும் பன்மை. செய்யுள் வழக்கு அதுவே என்றாலும், இன்றைய மேடைப் பேச்சுக்குப் பழகியவர் ஒரு நொடி நின்று பார்க்க வேண்டிய காட்சி இது. 'பெரும' என்ற விளியிலேயே மதிப்பு முழுவதும் இருந்தது; பிரதிப்பெயர் அந்தச் சுமையை ஏற்கவில்லை.

ஆனால் அந்தச் சுமை பன்மையின் தோளில் ஏறத் தொடங்கிவிட்டதற்கும் சான்று உண்டு. தொல்காப்பியர் சொல்லதிகாரத்தில் இப்படி ஒரு நூற்பா செய்கிறார்:

"ஒருவரைக் கூறும் பன்மைக் கிளவியும்
ஒன்றனைக் கூறும் பன்மைக் கிளவியும்
வழக்கி னாகிய உயர்சொற் கிளவி
இலக்கண மருங்கிற் சொல்லா றல்ல"

ஒருவரைப் பன்மையால் சுட்டுவது வழக்கில் வந்த உயர்த்திச் சொல்லும் முறை. இலக்கண நெறிப்படி அது சரியன்று என்கிறார். தடுக்கவும் இல்லை, ஏற்கவும் இல்லை. நடப்பதை நடப்பதென்று எழுதி, அதற்குரிய இடத்தைக் காட்டிவிட்டுப் போகிறார். மரியாதைப் பன்மையைப் பற்றி நான் படித்தவற்றுள் இதைவிடச் சுருக்கமான, நேர்மையான குறிப்பு வேறில்லை.

ஒரு மனிதரைப் பலராக எண்ணிப் பேசுவது ஐரோப்பாவிலும் பெருவழக்கு. இலத்தீனில் 'து' ஒருமை, 'வோஸ்' பன்மை. ரோஜர் பிரவுன், ஆல்பர்ட் கில்மன் ஆகிய இருவரும் 1960இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், நான்காம் நூற்றாண்டில் ரோமப் பேரரசனை 'வோஸ்' என்று அழைக்கும் வழக்கம் ஏற்பட்டதையும், அப்போது கிழக்கில் ஒருவரும் மேற்கில் ஒருவருமாகப் பேரரசர் இருவர் இருந்தமை அதற்குக் காரணமாகக் கூறப்படுவதையும் எடுத்துக்காட்டினர். அரசனுக்குக் கொடுத்த பன்மை பிரபுவுக்கு இறங்கியது. பிரபுவுக்குக் கொடுத்தது வணிகனுக்கு. வணிகனுக்குக் கொடுத்தது கண்ணில் படும் எவருக்கும். மேலே இருப்பவருக்கு வேறு சொல் தேடும் கட்டாயம் அங்கேதான் பிறக்கிறது.

ஸ்பானிய மொழியில் இந்தச் சரிவைப் படிப்படியாகக் காணலாம். ஒருகாலத்தில் 'வோஸ்' பெருமதிப்புச் சொல். அது மலிந்தபின் 'வுயெஸ்த்ரா மெர்செத்', அதாவது 'தங்கள் பெருங்கருணை', என்ற நீண்ட தொடரைக் கொண்டுவந்தார்கள். அத்தொடர் வாயில் தேய்ந்து தேய்ந்து 'உஸ்தெத்' ஆயிற்று. மதிப்பிழந்த 'வோஸ்' ஸ்பெயினில் மறைந்தது. அர்ஜென்டினா போன்ற நாடுகளில் நண்பனை அழைக்கும் சொல்லாக இன்றும் வாழ்கிறது. பேரரசனுக்குரிய சொல் தெருவில் தோளில் கைபோட்டு நடக்கும் சொல்லாகிவிட்டது. போர்த்துக்கீசியத்தில் இதேபோன்ற தொடர் 'வொசெ' என்று சுருங்கி, பிரேசிலில் யாருக்கும் சொல்லக்கூடிய எளிய முன்னிலைச் சொல்லாக நிற்கிறது. அதைக் கேட்பவர் எவரும் கருணையை நினைப்பதில்லை.

ஆங்கிலத்தின் விளைவு இதற்கு நேர்மாறானது. இன்று ஆங்கிலத்தில் இருக்கும் 'யூ' பழைய பன்மை. அதிலும் செயப்படுபொருள் வடிவம். ஒருமைக்கு உரியது 'தௌ'. சமற்கிருத 'த்வம்', இலத்தீன் 'து', உருசிய 'தி', இந்தி 'தூ' ஆகிய அனைத்துக்கும் உடன்பிறந்த, ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பழமையான சொல் அது. மரியாதை கருதி எல்லாரையும் பன்மையால் அழைக்க, அழைக்க, ஒருமை என்பதே வசைபோல் ஆயிற்று. 1603இல் சர் வால்டர் ராலேயின் மீது நடந்த விசாரணையில் அரசுத் தரப்பில் வாதிட்ட எட்வர்டு கோக், அவரைத் துரோகி என்று திட்டும்போது 'தௌ' என்பதையே வினைச்சொல்லாக்கி, உன்னை 'நீ' என்கிறேன் என்று முழங்கினார். அதே நூற்றாண்டின் நடுவில் தோன்றிய குவேக்கர் சமயத்தார், கடவுளின் முன் எல்லாரும் சமம் என்பதால் நீதிபதியாயினும் பிரபுவாயினும் ஒருவரை ஒருமையில்தான் அழைப்போம் என்று உறுதி பூண்டு, அதற்காக அடியும் ஏச்சும் வாங்கினார்கள். அவர்கள் தோற்றார்கள், பொதுவழக்கில் 'தௌ' மறைந்தது. 1611இல் வெளிவந்த விவிலிய மொழிபெயர்ப்பில் கடவுளையும் மனிதரையும் வேறுபாடின்றிச் சுட்டிய அச்சொல், அன்றாடத்தில் மறைந்தபின் வேதத்திலும் வழிபாட்டிலும் மட்டுமே கேட்கத் தொடங்கியது. விளைவாக, மிக நெருங்கிய சொல் மிக உயர்ந்த சொல்லாகத் தோன்றலாயிற்று. நமக்குக் கடவுளை 'நீ' என்பதில் உள்ள நெருக்கம் இன்றும் புரிகிறது. ஆங்கிலத்தை மட்டும் அறிந்த இன்றைய வாசகருக்கு அதே இடத்தில் கேட்பது தொலைவு.

பன்மைக்கு அடுத்த வழி, எதிரில் இருப்பவரை எதிரில் இல்லாதவர்போல் பேசுவது. இத்தாலியத்தில் மரியாதைச் சொல் 'லேய்'. அதன் நேர்ப்பொருள் 'அவள்'. 'தங்கள் மேன்மை' என்ற தொடரில் மேன்மை பெண்பாற்சொல் என்பதால், ஆணையும் 'அவள்' என்கிறார்கள். முசோலினியின் அரசு 1938இல் அதைத் தடைசெய்து 'வொய்' என்ற பன்மையை வற்புறுத்தியது; ஆட்சி போனதும் 'லேய்' திரும்பி வந்தது. செருமானியர் ஒருகாலத்தில் 'அவன்' என்றும், பிறகு 'அவர்கள்' என்றும் எதிரில் நிற்பவரை அழைத்தார்கள், இரண்டாவது நிலைத்துவிட்டது. சமற்கிருதத்தின் 'பவான்' முன்னிலையாரைக் குறித்தாலும் படர்க்கை வினையையே கொண்டு முடியும்.

இந்த வழியில் எனக்கு மிகவும் பிடித்தது தற்சுட்டுப் பெயரின் பயணம். இந்தியின் 'ஆப்', 'ஆத்மன்' என்ற சமற்கிருதச் சொல்லின் வழிவந்தது. தான் என்பதே அதன் அடிப்பொருள். மராத்தியில் அதே வேரின் 'ஆபண்' தான் என்றும், கேட்பவரையும் சேர்த்த நாம் என்றும், மரியாதைக்குரிய தாங்கள் என்றும் மூன்று வேலை செய்கிறது. தமிழில் 'தாம்' என்பதிலிருந்து 'தாங்கள்' வந்தது. தெலுங்கில் 'தமரு', கன்னடத்தில் 'தாவு', மலையாளத்தில் 'தாங்கள்' ஆகியவையும் அதே அடியிலிருந்து அதே பொருளுக்கு வந்தவை. மலையாளத்தில் ஒருமையான 'தான்' என்பதும் முன்னிலையாக வழங்குகிறது, ஆனால் அதில் மரியாதை இல்லை. ஆகவே மதிப்பைத் தந்தது பன்மையும்தான். வேறு குடும்பத்தைச் சேர்ந்த கொரியத்தின் 'தாங்சின்' என்ற சொல்லைப் பார்க்கலாம். வீட்டுப் பெரியவரைப் பற்றிப் பேசும்போது 'தாமே' என்ற பொருளில் மிக உயர்ந்த மதிப்புடன் வரும். முகத்துக்கு நேரே சொல்லும்போது கணவன் மனைவிக்குள் இயல்பாக வரும். முன்பின் அறியாதவரிடம் சொன்னால் சண்டைக்கு இழுப்பதாகும். கொரியத்துக்கும் தமிழுக்கும் ஒப்புமை தேடுவோர் 'நி'யை விட்டுவிட்டு இதை எடுத்துக்கொண்டால் பேச நிறைய இருக்கிறது. இது உறவால் வந்த ஒற்றுமை ஆகாது. நேருக்கு நேர் சுட்ட அஞ்சும் மனம் எங்கும் ஒரே கதவைத் தட்டுகிறது என்பதற்கே அது சான்று.

மரியாதைச் சொற்கள் எவ்வளவு ஆழம் வரை விழக்கூடும் என்பதற்கு சப்பானியத்தைப் பார்க்க வேண்டும். 'அனாதா' என்றால் அப்பக்கம். ஆளைச் சுட்டாமல் அவர் இருக்கும் திசையைச் சுட்டியது. 'ஓமாயே' என்றால் திருமுன்; சமயத் தலைவரைச் 'சந்நிதானம்' என்று நாம் அழைக்கும் அதே எண்ணம். இன்று 'ஓமாயே' நெருங்கிய நண்பரிடமோ கோபத்திலோதான் வரும். 'கிசாமா' என்பது எழுத்தின்படி மேன்மைமிகு பெருமான். கடிதங்களில் பணிவோடு எழுதப்பட்ட அச்சொல் இப்போது அடிக்கக் கை ஓங்குபவன் வாயில் வரும் வசை. 'தெமாயே' இன்னும் விந்தையானது: முதலில் தன்னைத் தாழ்த்திக்கொள்ளும் 'அடியேன்' போன்ற தன்மைச் சொல்லாக இருந்து, பிறகு எதிரியை இழிக்கும் முன்னிலைச் சொல்லாயிற்று. ஒவ்வொரு சொல்லும் பழகப் பழக நேரடியாகச் சுட்டும் சொல்லாகிவிடுகிறது. சுட்டத் தொடங்கியதும் மதிப்பை இழந்துவிடுகிறது. எனவே சப்பானியர் பெரும்பாலும் பெயரையோ பதவியையோ சொல்லிவிட்டு, பிரதிப்பெயரே இல்லாமல் பேச்சை முடித்துக்கொள்கிறார்கள்.

தமிழில் அப்படித் தப்பிக்க முடியாது. பிரதிப்பெயரை விழுங்கினாலும் வினைமுற்று காட்டிக்கொடுத்துவிடும்: வந்தாயா, வந்தீரா, வந்தீர்களா என்று ஏதேனும் ஒன்றைத் தேர்ந்தே ஆக வேண்டும். எதிரில் இருப்பவர் நம்மைவிட மூத்தவரா இளையவரா என்று தெரியாத நேரத்தில் தமிழர் கையாளும் உத்தி, வினையைத் தொழிற்பெயராக்கிவிடுவது. 'எப்போது வந்தது?', 'எங்கே வேலை பார்ப்பது?', 'திரும்பிப் போவதாக எப்போது உத்தேசம்?' ஆகியவற்றில் ஆளே இல்லை. இலக்கண நூல்கள் எதிலும் இதற்கு ஒரு பெயர் வைக்கப்பட்டதாக நான் பார்த்ததில்லை. ஆனால் இதைச் செய்யாத தமிழர் அரியர்.

இதே உத்தியைச் சுவீடன் நாட்டவரும் கையாண்டார்கள். அங்கே 'து' மிக நெருக்கமானது. 'நி' கீழ்நிலையில் இருப்பவரை அழைப்பதுபோல் பட்டது. இரண்டையும் விட்டுவிட்டு, 'இயக்குநருக்குக் காப்பி வேண்டுமா?' என்று பதவியைச் சொல்லியோ, 'என்ன விரும்பப்படுகிறது?' என்று செயப்பாட்டு வினையில் சுற்றியோ பேசினார்கள். பட்டம் தெரியாதவரிடம் பேசுவதே தொல்லையாயிற்று. 1967இல் அரசு மருத்துவ வாரியத்தின் தலைவராகப் பொறுப்பேற்ற ப்ரூர் ரெக்செத், பணியாளர் அனைவரையும் 'து' என்றே அழைக்கப்போவதாக அறிவித்தார். மாற்றம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தாலும், அந்த அறிவிப்பே அதன் அடையாளமாக நினைக்கப்படுகிறது. சில ஆண்டுகளுக்குள் நாடே 'து'வுக்குத் திரும்பிவிட்டது. 1793இல் பிரெஞ்சுப் புரட்சியாளர்கள் எல்லாரையும் ஒருமையில் அழைக்கும் வழக்கத்தைச் சட்டமாக்கக் கோரி மன்றத்தின் முன் நின்றது நிலைக்கவில்லை. குவேக்கர்கள் பட்ட அடியும் பயன்தரவில்லை. சுவீடனில் மட்டும் அது எளிதாக முடிந்ததற்குக் காரணம், அங்கே மாற்றுச்சொல் எதுவும் வசதியாக இருக்கவில்லை என்பதே என்று நான் கருதுகிறேன். மரியாதைக்கு நல்ல சொல் கையில் இருக்கும் மொழியினர் அதை எளிதில் கைவிடுவதில்லை.

நம்மிடம் 'நீங்கள்' அப்படி ஒரு வசதியான சொல். 'நீர்' ஒருகாலத்தில் பன்மை. பிறகு ஒருவருக்குரிய மரியாதை. இப்போது இடைப்பட்ட, சிலர் காதில் சற்றே உறுத்தும் சொல். அது இறங்கிய படியில் 'நீங்கள்' ஏறியது. பாஸ்க் மொழியின் 'சு' பன்மையாக இருந்து ஒருவரைக் குறிக்கத் தொடங்கியதும், பலரைக் குறிக்க அவர்கள் 'சுவெக்' என்று புதிதாக ஒன்றை ஆக்கிக்கொண்டார்கள். டச்சு மொழியினர் பன்மைச் சொல்லோடு 'மக்கள்' என்பதைச் சேர்த்து 'யுல்லி' என்றார்கள். ஆங்கிலத்தின் 'யூ' ஒருமையாகிவிட்டதால் வட்டாரத்துக்கு ஒன்றாக 'யால்', 'யூஸ்' என்று பன்மைகள் முளைத்தன. இன்று தமிழில் ஒருவரிடம் 'நீங்க வாங்க' என்றால் அவர் தம்மை மட்டும் அழைத்ததாகவே கொள்கிறார். பலரையும் அழைக்க வேண்டுமானால் 'நீங்க எல்லாரும் வாங்க' என்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஏற்கெனவே இரண்டு பன்மை விகுதிகளைச் சுமக்கும் சொல்லுக்கு இது மூன்றாவது.